கையில் வாங்கக் கூடாத வேலை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மாடியில், 'கேசினோ டீலர் பயிற்சி, மூன்று மாதம், வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை' என்று நாங்கள் பலகை மாட்டி வகுப்பு ஆரம்பித்த முதல் வாரமே இரண்டு போலீஸ்காரர்கள் படியேறி வந்தார்கள். நான்தான் அங்கே அலுவலகம் பார்க்கிறவள். பெயர் தஹ்மீனா. சேர்க்கை, வருகைப் பதிவு, வாட்ஸப் குழு, தண்ணீர் கேன், எல்லாம் என் தலையில்.

"இங்க சீட்டாட்டம் நடக்குதாமே" என்றார் பெரியவர்.

"நடக்குதுங்க. உள்ள வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே பதினாறு பிள்ளைகள் கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டையில் கையைப் பின்னால் கட்டி நின்று முப்பத்தைந்தாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ரூலெட் என்கிற சக்கர மேசையில் ஒரு எண்ணில் வைத்தவன் ஜெயித்தால் வைத்ததைப் போல முப்பத்தைந்து மடங்கு கொடுக்க வேண்டும். அதை மனக்கணக்கில் நொடியில் சொல்லத் தெரியாதவன் அந்த வேலைக்கே லாயக்கில்லை. மேசையில் இருந்த நோட்டெல்லாம் நாங்கள் கலர் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த பொம்மை நோட்டு. ஒரு பக்கம் எங்கள் மையத்தின் பெயர், மறுபக்கம் வெறும் வெள்ளை. போலீஸ்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். போகும்போது இளையவர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். அவர் மச்சான் எம்.காம். முடித்து நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறானாம்.

சும்மா சொல்லக் கூடாது, போலீஸ் பரவாயில்லை. மற்றவர்கள்தான் என் உயிரை எடுத்தார்கள். நாலு தெரு தள்ளி இருக்கிறவர்கூட நிறுத்தி, "ஏம்மா, பிள்ளைங்களைச் சூதாடிகளா ஆக்குறீங்களே, இது நல்லாருக்கா" என்று கேட்பார். மதுரைக்கும் திருப்பூருக்கும் மில் வேலைக்கென்று பிள்ளைகளைக் கம்பெனி வேனில் அள்ளிக்கொண்டு போகிறபோது வாயே திறக்காதவர் அவர். சாராயக் கடையில் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவன் குடிகாரன் இல்லையென்றால், சூதாட்ட மேசையில் கணக்குச் சொல்கிறவள் மட்டும் எப்படிச் சூதாடி ஆவாள்? எங்களிடம் படிக்கிற பிள்ளைகள் ஒரு ரூபாய்கூட வைத்து ஆட மாட்டார்கள். ஆடினால் வேலை போய்விடும். தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதியே கிடையாது. இவர்கள் போகிற இடம் கடலில் மிதக்கிற உல்லாசக் கப்பல்கள். நாகூர்க்காரர் சுஹைப் அந்தக் கப்பல்களில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, முதுகெலும்பில் தேய்மானம் வந்து ஊர் திரும்பி இந்த மையத்தை ஆரம்பித்தார். முப்பத்தைந்து வயதுதான். என்னைவிடச் சின்னவர் என்பதால் என்னை 'லாத்தா' என்பார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவது.

எழில்மொழி சேர வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக வந்தாள். கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம். பி.எஸ்சி. கணிதம், எழுபத்தொன்பது சதவீதம். குரூப் ஃபோர் தேர்வு மூன்று முறை எழுதி மூன்று முறையும் கட் ஆஃப்பில் நூலிழையில் விட்டவள்.

"கம்பெனி இருபத்தாறு வயசுக்கு மேல எடுக்காதாமே. எனக்கு மார்ச்ல இருபத்தாறு முடியுதுக்கா. இந்த ஒரு பேட்ச்தான் எனக்கு. சீட்டு இருக்கா, இல்லையா?" என்றாள்.

கெஞ்சவில்லை, கேட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. நுழைவுக் கணக்கு ஒன்று கொடுப்போம், இருபது பெருக்கல், ஐந்து நிமிடம். அவள் இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டு, பன்னிரண்டாம் கேள்வியில் அச்சுப் பிழை இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேசையில் சிப்ஸ் குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்வாள். சிப்ஸ் என்றால் பணத்துக்குப் பதில் புழங்குகிற பிளாஸ்டிக் வில்லைகள். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நேந்திரங்காய் சிப்ஸ் எங்கே என்று தேடாத பிள்ளை கிடையாது. இங்கிலீஷ் பேசுவதில் கொஞ்சம் தயக்கம், அதுவும் ஒரு மாதத்தில் ஓடிப்போனது. ஆனால் இரண்டாவது வாரமே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாள். அந்த இடம் எங்கள் யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் கையிலிருந்து டீலர் எதையும் கையில் வாங்கக் கூடாது. அவர் கையில் எதையும் கொடுக்கவும் கூடாது. பணத்தை அவர் மேசையில் வைக்க வேண்டும், இவள் அங்கிருந்து எடுத்து விரித்துக் காட்ட வேண்டும். கொடுக்கும்போதும் மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ள வேண்டும். தலைக்கு மேலே இருக்கிற கேமராவுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த சட்டம். கையோடு கை பட்டால் இடையில் என்ன மாறியது என்று யாருக்குத் தெரியும்?

மற்றப் பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள். எழில்மொழியால் முடியவில்லை. யாராவது நோட்டை நீட்டினால் கை தானாகப் போய் வாங்கிவிடும். ஜெயித்தவருக்குச் சிப்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துவிடுவாள். சுஹைப் நூறு தடவை சொன்னார். நூற்றோராவது தடவை அவருக்கும் பொறுமை போனது.

"இது என்ன கல்யாண வீடா, தாம்பூலம் கொடுக்குறியா? தள்ளி விடு."

"தள்ளி விட மாட்டேன் சார்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மறதியில் செய்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

அன்று மதியம் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தபடி சொன்னாள். அவள் அப்பா கண்ணுசாமி வாலிபத்தில் ஊர்ப் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். அறுப்புக் காலத்தில் சாயங்காலம் எல்லோரும் பண்ணை வீட்டு வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கூலியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். தரையில் வைத்துவிட்டுப் பண்ணைக்காரர் இரண்டு எட்டுப் பின்னால் போவார். அதன்பிறகு இவர்கள் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தொட்டுவிடக் கூடாதல்லவா. ஒருநாள் கண்ணுசாமி குனியவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். பண்ணைக்காரர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இருட்டுகிற வரை நின்றுவிட்டு, கூலி தரையில் கிடக்க, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அப்புறம் மூன்று வருஷம் ஊரில் அவருக்கு வேலை இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்க் கூலி வேலை செய்து, திரும்பி வந்து குத்தகைக்கு நிலம் பிடித்து, இன்று அரை ஏக்கர் சொந்தமாக வைத்திருக்கிறார்.

"அன்னைலேர்ந்து எங்க வீட்டுல இதுதான்க்கா சட்டம். கையில கொடுத்தா வாங்கிக்க, கீழ வச்சா எடுக்காத. கடையில மீதிச் சில்லறையைக் கண்ணாடி மேல வச்சாங்கன்னா எங்கம்மா காத்தாயி எடுக்காது. கையில கொடுன்னு நிக்கும். கூட்டமே திட்டும், நிக்கும்."

அவளும் அப்படித்தான். நாகப்பட்டினத்தில் ஒரு துணிக்கடையில் ஒரு மாதம் வேலை பார்த்திருக்கிறாள். சம்பள நாளில் முதலாளி கவரை மேசை ஓரத்தில் போட்டிருக்கிறார். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் போடுவாராம். இவள், "கையில கொடுங்க" என்றிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். இவள் மறுபடி சொல்லியிருக்கிறாள். அத்தோடு அந்த வேலை முடிந்தது.

"எனக்கு யாரும் அப்படி வைக்கக் கூடாதுங்கறது இருக்கட்டும். நான் இன்னொருத்தருக்கு அப்படித் தள்ளி விடணுமாக்கா? எங்கப்பனுக்குச் செஞ்சத நான் ஊருக்கெல்லாம் செய்யணுமா?"

பதில் தெரியாதபோது நான் வழக்கமாகக் கோபப்படுவேன். "அப்ப வேலை வேணாமா உனக்கு? ஊருக்குப் போய் மறுபடி குரூப் ஃபோர் எழுதப் போறியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"வேலை வேணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் ஒரு வேலை செய்தேன், இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பழகட்டும் என்று இரண்டு மூன்று நாள் அவளுக்கு எதையும் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன். பேனா, சாவி, வருகைத் தாள், எல்லாம். டீ கிளாஸையும் வைத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. எதிரிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், டீ ஆறிப் பாலாடை படிந்தது. மூன்றாம் நாளும் அப்படியே ஆறியபோது நானே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். அந்த ஆறின டீயைக் குடித்தாள்.

கடைசியில் அவளே ஒருநாள் சுஹைப்பிடம் நேராகப் போய்ப் பேரம் பேசினாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"சார், எனக்கு ஒண்ணு தெரியணும். கோடீஸ்வரன் வந்தாலும் மேசையிலதான் வைக்கணுமா?"

"வைக்கணும்."

"கப்பல் முதலாளி வந்தா?"

"அவரும்தான். ஒருதடவை எங்க கப்பல்ல ஒரு நாட்டு மந்திரி நோட்டை நீட்டிக்கிட்டே நின்னாரு. நான் வாங்கல. வச்சாரு."

"எல்லாரையும் சார், மேடம்னுதான் கூப்பிடணுமா? ஆளுக்குத் தகுந்த மாதிரி கிடையாதே?"

"கிடையாது."

"எல்லாருக்கும் ஒண்ணுன்னா எனக்குச் சம்மதம். ஒரே ஒருத்தருக்கு மட்டும் விதிவிலக்குன்னு சொன்னீங்கன்னா, அன்னைக்கே நான் மேசையை விட்டு இறங்கிடுவேன்" என்றாள். வேலை கேட்டு வந்த பெண் வேலைக்கு நிபந்தனை போடுகிறாள். சுஹைப் தலையாட்டினார், வேறென்ன செய்வார்.

மனசு சம்மதித்துவிட்டது, கைதான் சம்மதிக்கவில்லை. இருபத்தைந்து வருஷப் பழக்கம் ஒரே மாதத்தில் போகுமா? ஒவ்வொரு ஒத்திகையிலும் இரண்டு தடவையாவது கை முந்திக்கொண்டு போய்விடும். தேர்வில் மூன்று தவறு செய்தால் ஆட்டம் முடிந்தது, வெளியே.

தேர்வு நாள் ஜனவரியில் வந்தது. கப்பல் கம்பெனியிலிருந்து மும்பை மேடம் ஒருவரும், அவருக்கு உதவியாக ஒரு பையனும் வந்திருந்தார்கள். பெங்களூரில் பத்து வருஷம் இருந்ததால் மேடத்துக்குத் தமிழ் ஓரளவு வரும். பதினாறு பேரில் நாலு பேரை எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் மேசை. வாடிக்கையாளராக உட்கார வெளியாட்களையே கூப்பிட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள், பிள்ளைகளுக்குப் பழகாத முகம் வேண்டும் என்று.

காலை ஒன்பது மணிக்கு ஒரு பெரியவர் படியேறி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் சின்னச் சிவப்புக் கொடி குத்தின பேட்ஜ். "எழில்மொழி அப்பாங்க" என்றார். "கம்போடியாவுல கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போயி எங்க பக்கத்து ஊருப் பயலை ஆறு மாசம் அடைச்சு வச்சிருந்தாங்க. எம்பொண்ணைக் கூட்டிட்டுப் போறவங்க மூஞ்சியை நான் பாக்கணும்." தப்பே இல்லை என்று சொல்லி, அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அங்கே கேமராத் திரை இருக்கிறது. நடுவில் கண்ணாடித் தடுப்புதான், பேசுவதும் கேட்கும்.

உட்கார்ந்ததும், "கீழ பேரு போட்டிருக்கே, இது நம்ம ஊரு இராஜாங்கம் கட்டடமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. உங்க பொண்ணு சொல்லலையா?"

"சொல்லல. பரவால்ல. படி எல்லாருக்கும் பொதுதானே" என்றார்.

இராஜாங்கம் அந்தப் பண்ணைக்காரரின் மகன். தஞ்சாவூரில் மூன்று கட்டடம் வைத்திருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு வாடகையைக் குறைத்துத்தான் கொடுத்தார், பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கு இனிப்பும் அனுப்பினார். நாலு பேர் பார்க்க நல்லது செய்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக அவர்தான் வந்திருந்தார். வாடிக்கையாளராகவும் உட்காருகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

எழில்மொழியின் முறை பதினொன்றரைக்கு வந்தது. முதலில் அந்த மும்பைப் பையன் உட்கார்ந்தான். பொல்லாத பையன். நோட்டை ஒரு பேச்சோடு பேச்சாக நீட்டினான். எழில்மொழியின் கை போய்விட்டது. மேடம் தாளில் ஒரு கோடு போட்டார். ஐந்து நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு அவன் ஜெயித்துவிட்டு இரண்டு கையையும் ஏந்தினான், இவள் சிப்ஸை அதில் வைத்துவிட்டாள். இரண்டாவது கோடு. பக்கத்தில் கண்ணுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா கோடு போடுறாங்க" என்றார். மெதுவாக விளக்கினேன். கையில் வாங்கக் கூடாது, கையில் கொடுக்கக் கூடாது, இன்னும் ஒரு தவறு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் முகம் இறுகிவிட்டது.

அடுத்து இராஜாங்கம் உட்கார்ந்தார். பொம்மை நோட்டுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ கண்ணுசாமி மவதானே?"

"ஆமாங்க சார்."

"நல்லது, நல்லது" என்று நோட்டுக் கட்டை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் இரண்டு கையையும் மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். "மேசையில வைங்க, சார்."

அவர் சிரித்தார். மேடம் பக்கமும் சுஹைப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சும்மா வாங்கிக்கம்மா. நாங்கல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி இல்ல. நான் உன் கையிலயேதான் கொடுப்பேன்."

கண்ணுசாமி எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வருஷத்துக்கு முன் இருட்டுகிற வரை கையை நீட்டிக்கொண்டு நின்றாரே, அந்த வீட்டுக் கைதான் இப்போது நீண்டிருக்கிறது. அன்றைக்கு நீளாத கை, நாலு பேர் கைதட்டுவார்கள் என்று தெரிந்த இடத்தில் இன்றைக்கு நீள்கிறது. வாங்கினால் அவளுக்கு வேலை போய்விடும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை இழுத்து வெளியே விட்டிருப்பேன்.

"மேசையில வைங்க, சார். எல்லாருக்கும் அதுதான்" என்றாள். குரல் உயரவில்லை.

"அட, பெரியவங்க பிரியமா கொடுத்தா வாங்கிக்கணும்மா."

"மேசையில வைங்க, சார்."

நீட்டின கை நீட்டினபடி இருந்தது. மேடம்தான், "ஆன் த டேபிள் ப்ளீஸ், சார்" என்றார். இராஜாங்கத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நோட்டுக் கட்டை மேசையில் வீசினார். பாதி சிதறி, இரண்டு நோட்டு தரையில் விழுந்தது.

எழில்மொழி குனியவில்லை. டீலர் குனியக் கூடாது. மேசையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. "இரண்டு நோட்டு தரையில் இருக்கு" என்று சட்டப்படி அறிவித்துவிட்டு நேராக நின்றாள். மேற்பார்வையாளர் இடத்தில் இருந்த சுஹைப் வந்து எடுத்து மேசையில் வைத்தார். அவள் எல்லாவற்றையும் வரிசையாக விரித்தாள், எண்ணினாள், உரக்கத் தொகையைச் சொன்னாள், அதற்கான சிப்ஸை அவர் பக்கம் தள்ளினாள். இராஜாங்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். போன் அடிக்கவே இல்லை.

வெளியே போகும் வழியில் என் அலுவலகத்தில் கண்ணுசாமியைப் பார்த்து ஒரு கணம் நின்றார். "பொண்ணை நல்லா வளத்திருக்க, கண்ணுசாமி."

"ஆமாங்க. நல்லாத்தான் வளத்திருக்கேன்" என்றார் இவர்.

அடுத்த மாதம் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லி இராஜாங்கம் ஆள் அனுப்பினார், காலி செய்தோம். இப்போது கீழவாசல் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறோம். வாடகை அதிகம்தான், ஆனால் காற்று நன்றாக வருகிறது. சிறப்பு விருந்தினர் என்று யாரையும் நான் கூப்பிடுவதில்லை.

அன்றைய தேர்வுக்கு வருகிறேன். இன்னும் ஏழு நிமிடம் பாக்கி, எதிரில் உட்கார ஆளில்லை. மேடம் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்து, "அவர் யார்?" என்றார்.

சுஹைப் பொய் சொல்லத் தெரியாதவர். "அந்தப் பெண்ணோட அப்பா, மேடம்."

"நல்லதாப் போச்சு. உட்காரட்டும். சொந்த மனுஷங்க வந்தா என்ன செய்றாங்கன்னு நான் பாக்கணும்" என்றார்.

இராஜாங்கத்திடம் சட்டம் பேசுவது அவளுக்குக் கஷ்டமே இல்லை. அவள் ரத்தமே அதற்கு ஏங்கியிருக்கும். இவரிடம் எப்படிச் சொல்வாள்? கீழே வைத்ததை எடுக்காதே என்று அவளை வளர்த்த மனுஷரிடம், மேசையில் வை என்று எந்த வாயால் சொல்வாள்? சொல்லாவிட்டால் மூன்றாவது கோடு. மார்ச்சில் வயதும் முடிந்துவிடும்.

கண்ணுசாமி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். சுஹைப் அவர் முன்னால் பொம்மை நோட்டுகளை நீட்டினார், கையில்தான் கொடுத்தார். இவர் அதை வாங்கி, வாழ்நாளெல்லாம் செய்த மாதிரி, நேரே மகளின் கைக்கு நீட்டினார்.

அவள் வலது கை விளிம்பிலிருந்து எழும்பியது. திரையில் நான் பார்த்தேன். அரை அடி முன்னால் வந்தது. அங்கேயே நின்றது. மறுபடி விளிம்புக்குப் போனது.

"மேசையில வைங்க, சார்" என்றாள்.

வீட்டில் அவரை 'நீ, வா, போ' என்று பேசுகிறவள். அவர் அவளையே பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் தாழவில்லை.

"மேசையில வைங்க, சார். நான் அங்கேர்ந்து எடுத்துக்கறேன்."

கண்ணுசாமி நோட்டை மேசையில் வைத்தார். எறியவில்லை, மடிப்பைத் தடவி நேராக்கி வைத்தார். அவள் விரித்துக் காட்டி, எண்ணி, பத்து சிப்ஸை அவர் பக்கம் தள்ளினாள். "உங்களோடது, சார்."

அவர் அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். மேடம் பேனாவோடு காத்திருந்தார்.

"இதை நான் எடுக்க மாட்டேம்மா. கீழ வச்சதை எடுக்கறதில்ல. நீயே அந்தச் சிவப்புல வச்சிரு" என்றார். பிறகு மேடத்திடம் திரும்பி, "நான் வேற எதுலங்க வைப்பேன்" என்று சட்டைப் பையைக் காட்டினார். மேடத்துக்கு விளங்கவில்லை. சுஹைப் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாடிக்கையாளர் கேட்டால் டீலரே வைத்துக் கொடுக்கலாம், அதற்கும் சட்டம் உண்டு. "பத்தும் சிவப்பில், சார்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் தள்ளினாள். சிவப்பில் வைத்தது, குண்டு சிவப்பு எண்ணில் நின்றால் இரட்டிப்பாகும், கறுப்பில் நின்றால் போய்விடும். சக்கரம் சுற்றியது, குண்டு விழுந்தது. சிவப்பு. இன்னொரு பத்தை அதன் பக்கத்தில் வைத்து, "எடுத்துக்கறீங்களா, அங்கேயே விடறீங்களா, சார்?" என்றாள்.

"விடறேன்."

மறுபடி சுற்றினாள். கறுப்பு. எழில்மொழி தன் அப்பாவின் இருபது சிப்ஸையும் ஒரே வீச்சில் வாரி எடுத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையையும் கேமராவுக்கு விரித்துக் காட்டிவிட்டு, "நன்றி, சார்" என்று ஒதுங்கி நின்றாள். நேரம் முடிந்தது. மேடத்தின் தாளில் இரண்டு கோடுதான் இருந்தது.

நாலு மணிக்குப் பட்டியல் வந்தது. மூன்றாவது பெயர் எழில்மொழி. ஏப்ரலில் கப்பல். அவள் உள்ளே மற்றப் பிள்ளைகளின் பிடியில் இருந்தாள். தேர்வாகாதவர்கள்தான் அவளை அதிகம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். செய்தியை நான்தான் கண்ணுசாமியிடம் சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்து வெளியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்பத்தெட்டு வயசாவுதும்மா எனக்கு. இன்னைக்குத்தான் ஒரு ஆளு என்னை சார்னு கூப்பிட்டிருக்கு. அதுவும் இருக்குறதெல்லாம் வாரிக்கிட்டுப் போறதுக்கு."